கொட்டிலில் கிடந்த ஹோர்னெற்றுக்கு ஒன்றரை இலட்சம்

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு வயது 29. சாவகச்சேரியில் இருந்து தினமும் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். என் மாமா 2013 இல் கொழும்பில் வாங்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்த ஹொண்டா ஹோர்னெற் 250 மோட்டார் சைக்கிளைக் கனடா போகும்போது எனக்கென்று விட்டுச் சென்றார். அது 1998 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பனையோலைக் கொட்டிலில் நிறுத்தியதற்குப் பிறகு ஒருவரும் அதை ஸ்ரார்ட் செய்யவில்லை. கையில் ஒன்றரை இலட்சம் ரூபா வைத்திருக்கிறேன். மாதம் 15,000 ரூபா மேலதிகமாக ஒதுக்கலாம். தாங்கிக்குப் புதிய வர்ணம், எல்.ஈ.டி. விளக்கு, சத்தமான சைலன்சர், ஒவ்வொரு காபரேற்றருக்கும் தனித்தனி எயார் பில்ரர், இன்னும் அகலமான பின் ரயர் ஆகியவற்றைப் போட விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது? இந்தக் காசு போதுமா? பழைய மோட்டார் சைக்கிளில் காசைக் கொட்டாதே என்று அப்பா சொல்கிறார்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பட்டியலில் உள்ள ஐந்தில் இரண்டு வேண்டாதவை, இரண்டு வேறு விதமாகச் செய்ய வேண்டியவை, வர்ணம் ஒன்று மட்டுமே கடைசியில் செய்யத்தக்கது. இந்த ஐந்திலும் இல்லாத ஒரு வேலைக்குத்தான் உங்கள் காசின் பெரும்பகுதி போகப்போகிறது: இந்த மோட்டார் சைக்கிள் ஜப்பானில் இருந்து புறப்பட்ட நாளில் எப்படி நின்றதோ, எப்படிப் பிறேக் பிடித்ததோ, அந்த நிலைக்கு அதைத் திரும்பக் கொண்டுவருவது. இருபத்தைந்து வருடம் கடந்த வண்டிக்கு அதைவிடப் பெரிய மேம்படுத்தல் கிடையாது என்பதை இந்தத் தொழிலில் இருந்து பார்த்தே சொல்கிறேன். அந்த வேலைக்கு ஒன்றரை இலட்சம், எஞ்சின் உள்ளே நலமாக இருந்தால் போதும். நலமாக இல்லாவிட்டால் மூன்று இலட்சமும் போதாது. ஆகவே காசைச் செலவழிக்கத் தொடங்குவதற்கு முன்னர், ஏறக்குறையச் செலவே இல்லாத ஒரு பரிசோதனையைச் செய்ய வேண்டும். உங்கள் அப்பாவின் கேள்விக்கும் அதுதான் விடை சொல்லும்.

அதற்கும் முன்னர் ஒரு சொல். மோட்டார் சைக்கிள் இன்னும் மாமாவின் பெயரில்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒரு எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். மீள்சீரமைக்கப்பட்டு வந்த ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் கைமாறிய வழியில் எஞ்சினும் மாறியிருப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். இலக்கம் பொருந்தினால் உரிமை மாற்றப் படிவங்களில் மாமாவின் கையொப்பத்தை இப்போதே பெற்றுக்கொள்ளுங்கள். வண்டியை வீதியில் ஓட்ட வருடாவருடம் எடுக்கும் வருமான உத்தரவுப் பத்திரத்துக்கு நிலுவையாக என்ன கட்ட வேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு, அந்தத் தொகையை ஒன்றரை இலட்சத்தில் இருந்து முதலிலேயே கழித்து வையுங்கள். பெயரில் இல்லாத வண்டிக்குப் புதிய ரயர் வாங்குவது, உறுதி எழுதாத காணியில் கிணறு வெட்டுவது போன்றது.

இனிக் கொட்டிலுக்கு வருவோம். தயவுசெய்து புதிய பற்றறி ஒன்றைப் பூட்டி ஸ்ரார்ட்டர் பொத்தானை அமத்திப் பார்க்க வேண்டாம். வருடக்கணக்கில் அசையாமல் நின்ற எஞ்சினில் சிலிண்டர்ச் சுவர்கள் காய்ந்திருக்கும்; சில வால்வுகள் திறந்த நிலையில் நின்றிருக்கும்; அவற்றின் வழியாக ஈரக்காற்று உள்ளே போயிருக்கும். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகப் புதிய எஞ்சின் ஒயிலை விட்டு, ஒரு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் கீழே கல் கொடுத்துப் பின்சில்லைத் தூக்கி, ஆறாவது கியரில் போட்டுச் சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எஞ்சின் தடையின்றிச் சுற்றினால் நல்ல சகுனம். எங்காவது முட்டி நின்றால் பலம் கொடுக்காமல் அங்கேயே நிறுத்திவிட்டுத் தெரிந்த ஒருவரை அழையுங்கள்.

அந்த ஒரு நாள் இடைவெளியில் எயார் பில்ரர்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பனையோலைக் கொட்டிலில் நின்ற வண்டி ஒன்றில் இருந்து, பனந்தும்பாலும் கிழிந்த சாக்குத் துண்டாலும் எலி கட்டிய கூட்டை நான் முழுதாக வெளியே எடுத்தேன். அதற்குள் கைப்பிடியளவு வேப்பங்கொட்டைகளும் இருந்தன. அந்த வண்டியை முதலில் ஸ்ரார்ட் செய்திருந்தால் அந்தத் தும்பு முழுவதும் காபரேற்றருக்குள் போயிருக்கும். எலி இருந்த இடத்தில் வயரும் கடிபட்டிருக்கும் என்பதால், தாங்கியைக் கழற்றும்போது அதன் கீழே ஓடும் வயறிங்கை விரலால் தடவிப் பாருங்கள். சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எஞ்சின் சுற்றுகிறது என்றால், ஒயிலும் பில்ரரும் மாற்றி, கம்பிரஷன் அளவுகோல், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கருவி, வைத்திருக்கும் ஒரு கராஜுக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுமையாகத் திறந்துவைத்து, நல்ல பற்றறியால் எஞ்சினைச் சுற்றவைத்து, நான்கு சிலிண்டரின் அளவையும் கடதாசியில் எழுதுங்கள். நான்கும் எவ்வளவுக்கு ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன என்பதையே நான் முதலில் பார்ப்பேன். மூன்று ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் பத்துப் பதினைந்து வீதத்துக்கு மேல் கீழே போனால், அந்தச் சிலிண்டரில் சிறிதளவு ஒயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்ரனைச் சுற்றியுள்ள றிங் பக்கம் பழுது. ஏறாவிட்டால் வால்வுப் பக்கம் பழுது. நீண்டகாலம் நின்ற வண்டியில் வால்வு இருக்கையில் ஒட்டிய துருவும் கரியும் ஓடத் தொடங்கியபின் தானாகச் சரியாவதும் உண்டு என்பதால், ஒரு தடவை குறைந்த அளவைக் கண்டவுடன் எஞ்சினைத் திறக்கச் சம்மதிக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு தயக்கம் என்று கேட்பீர்கள். 1996 இல் வெளிவந்த இந்த ஹோர்னெற்றில் இருப்பது, 249 சீ.சீ.யை நான்காகப் பங்கிட்டு, 48.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள நான்கு சிறிய பிஸ்ரன்களைக் கொண்ட எஞ்சின். நாற்பது குதிரைவலுவை அது நிமிடத்துக்கு 14,000 சுற்றில்தான் தருகிறது. நான்கு பிஸ்ரன், நான்கு செற் றிங், பதினாறு வால்வு. ஒன்றுக்குச் செலவு என்றால் நான்குக்கும் செலவு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிய ஒற்றைச் சிலிண்டர் ஹொண்டாக்களைத் திருத்தித் தொழில் பழகியவன் நான். அந்த எஞ்சின்கள் எதையும் பொறுத்துக்கொண்டன. முற்றத்தில் சாக்கு விரித்து அவற்றை நாங்கள் கழற்றிப் பூட்டியிருக்கிறோம். இந்த எஞ்சினுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான்கு அளவுகளும் ஒத்து வந்தால் எஞ்சினின் உட்புறத்தைத் தொடவே வேண்டாம். வால்வு இடைவெளியை மட்டும், ஷிம் என்ற மெல்லிய இடைத்தகடுகளை மாற்றத் தெரிந்த ஒருவரைக் கொண்டு அளந்து பாருங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சினில் கேம் செயின் கிடையாது; வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளைப் பற்சக்கரங்களே சுழற்றுகின்றன. அதனால் ஓடும்போது மெல்லிய விசில் போன்ற ஓர் ஊளைச் சத்தம் எப்போதும் இருக்கும். அது பிறவிக் குணம். "செயின் சத்தம் போடுகிறது, மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால், அவர் இந்த எஞ்சினை அறியாதவர் என்பதைப் புரிந்துகொண்டு, நன்றி சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எஞ்சின் தேறினால் அடுத்தது பெற்றோல் போகும் வழி. தாங்கி மூடியைத் திறந்து மணந்து பாருங்கள்; பெற்றோல் வாசனைக்குப் பதிலாகப் பழைய வார்னிஷ் மணம் வந்தால் உள்ளே உள்ளது பெற்றோல் அல்ல, பிசின். அதை முழுதாக இறக்கி, வெளிச்சம் அடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். மேலோட்டமான துருவுக்கு விலை கூடிய இரசாயனம் தேவையில்லை. கடையில் விற்கும் வினாகிரியை நிரப்பி இரண்டு நாள் விட்டால் துரு இளகிவிடும். எங்கள் பெரியவர்கள் பித்தளைப் பாத்திரத்துக்குப் பழப்புளி போட்டுத் தேய்த்ததும் இதே புளிப்பின் வேலைதான். வினாகிரியை இறக்கிய கையோடு அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, உடனே வெயிலில் உலர்த்தி, உள்ளே சிறிது ஒயிலைச் சுழற்றி விடாவிட்டால், ஒரே இரவில் மஞ்சள் துரு மறுபடி பூத்துவிடும். பெற்றோல் ரியூப்களை யோசிக்காமல் மாற்றுங்கள்.

பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றர் நான்கு. முழு வேலையிலும் அதிக பொறுமை வேண்டியது இங்கேதான், அதிக நாசம் நடப்பதும் இங்கேதான். நான்கையும் ஒரே தொகுதியாகக் கழற்றுங்கள். ஒன்றில் இருந்து ஒன்றைப் பிரிக்க வேண்டாம். கீழ்க்கிண்ணத்தின் திருகாணிகள் ஜப்பானிய முறைச் சிலுவைத் தலை கொண்டவை. பார்வைக்குச் சாதாரண ஸ்ரார் திருகாணி போல இருந்தாலும் எங்கள் கடைகளில் விற்கும் ஸ்குறூட்றைவர் அவற்றில் முழுதாக இறங்காது; பலமாகத் திருப்பினால் தலை வழுவிவிடும். தலையில் சிறு புள்ளி ஒன்று இருப்பதே அடையாளம். அதற்குரிய ஸ்குறூட்றைவர் ஒன்றை வாங்குங்கள். இந்தப் பதிலைப் படித்து நீங்கள் வாங்கும் பொருட்களில் மிக மலிவானதும் அதிக நாள் உழைப்பதும் அதுவாகவே இருக்கும்.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெற்றோல் விடும் ஐடில் ஜெற்றின் துவாரம் அரை மில்லிமீற்றரிலும் குறைந்தது. பிசின் முதலில் அடைப்பது அதைத்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனையளவு வட்ட ஒளி தெரிய வேண்டும். ஒளி பிறை போலத் தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. மின்வயருக்குள் இருக்கும் செப்பு இழைகளில் ஒன்றை உருவி மெல்ல நுழைத்து எடுக்கலாம். உருக்குக் கம்பியோ துளையிடும் ஊசியோ நுழைத்தால் துவாரம் பெரிதாகிவிடும், பிறகு அந்தச் சிலிண்டர் ஒருநாளும் மற்ற மூன்றோடு ஒத்து ஓடாது. கலவைத் திருகாணியைக் கழற்றும் முன்னர், அது முழுவதும் இறுக எத்தனை சுற்று எடுக்கிறது என்பதை ஒவ்வொரு காபரேற்றருக்கும் தனித்தனியே எழுதிவையுங்கள். மேலே உள்ள இறப்பர் டயபிரத்தில் கிளீனர் ஸ்பிறே படக்கூடாது. பட்டால் அது ஊதிப் பெருத்து, தன் பள்ளத்துக்குள் மறுபடி உட்காராது. ஓட்டை விழுந்த டயபிரம் ஒன்றே ஒன்று இருந்தாலும் வண்டி மேல்சுற்றுக்கு ஏறாது. எல்லாம் பூட்டியபின் நான்கையும் வெற்றிட அளவுகோலில் ஒத்திசைக்க வேண்டும். அந்த வேலையைக் காதால் செய்வதாகச் சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இப்போது உங்கள் தனித்தனி எயார் பில்ரர் ஆசைக்கு வருகிறேன். வேண்டாம். இந்தக் காபரேற்றர்கள், மூடிய பெட்டிக்குள் இருக்கும் அமைதியான காற்றை நம்பி அளவிடப்பட்டவை. பெட்டியை எடுத்துவிட்டு நான்கு பில்ரரைத் திறந்த வெளியில் தொங்கவிட்டால் நடுச்சுற்றில் இழுவை பெரிதாகக் குறையும். அதைச் சரிசெய்ய ஜெற் மாற்ற வேண்டும், ஜெற் மாற்றினால் மறுபடி ஒத்திசைக்க வேண்டும், முடிவில் புகைப் பரிசோதனையில் தோற்று வருமான உத்தரவுப் பத்திரம் எடுக்க முடியாமல் நிற்பீர்கள். ஆறு மாதத்தில் பழைய பெட்டியைத் தேடி வந்தவர்கள் உண்டு. பெட்டியைத்தான் அவர்கள் எறிந்துவிட்டிருப்பார்கள். சத்தமான சைலன்சருக்கும் இதே பதில்தான், கூடவே பொலிஸ் தண்டமும் உண்டு. இந்த எஞ்சினின் உண்மையான சத்தம் பத்தாயிரம் சுற்றுக்கு மேலே இருக்கிறது. காபரேற்றர் சரியாக இருந்தால் அதை நீங்களே கேட்பீர்கள்.

அடுத்தது, யாழ்ப்பாணத்துக்கென்றே ஒரு விடயம். இது நீரால் குளிரூட்டப்படும் எஞ்சின். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைத் தட்டை நீங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தட்டுத்தான், றேடியேற்றரில் கிணற்றுத் தண்ணீர் விட்ட ஒவ்வொரு வண்டியின் உள்ளேயும் படிகிறது. நூல் போன்ற குழாய்களில் அது படிந்தால், மத்தியான வெயிலில் ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் பத்து நிமிடம் நின்றாலே வெப்பமானி ஏறிவிடும். பழையதை முழுதாக இறக்கிப் பாருங்கள். பச்சையாகவோ நீலமாகவோ தெளிவாக வந்தால் உங்கள் மாமா கவனமான மனிதர். தேநீர் நிறத்தில் வந்தால், காய்ச்சி வடித்த நீரால் நிறம் மாறாது வரும்வரை கழுவி, அலுமினிய எஞ்சினுக்கு ஏற்ற, கலந்தே விற்கப்படும் கூலன்ற்றை நிரப்புங்கள். தண்ணீர்ப் பம்பின் அடியில் ஒரு சிறு துவாரம் இருக்கும்; அதன் வாயில் பச்சை அல்லது வெள்ளைக் கறை இருந்தால் உள்ளே உள்ள சீல் போய்விட்டது என்று பொருள். விசிறி சரியான வெப்பத்தில் தானாகச் சுழல்கிறதா என்பதை, தெருவில் இறங்கும் முன்னரே முற்றத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஒயிலிலும் சிக்கனம் பார்க்க வேண்டாம்: போத்தலில் ஜாசோ எம்.ஏ. என்ற குறி இருக்க வேண்டும். கிளச்சு இந்த ஒயிலுக்குள்ளேயே மூழ்கியிருப்பதால், வழுவழுப்புக் கூட்டிய கார் ஒயிலை விட்டால் கிளச்சு வழுக்கத் தொடங்கும்.

மின்சாரப் பக்கத்தில் அந்தக் காலத்து ஹொண்டாக்களின் பலவீனம், பற்றறிக்குப் போகும் வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர். இதை நான் சுகமாகப் படிக்கவில்லை. பல வருடங்களுக்கு முன்னர், பாவித்த ரெகுலேற்றர் ஒன்றை ஒரு கடையில் வாங்கி, பரிசோதிக்காமல் என் சொந்த மோட்டார் சைக்கிளில் பூட்டிக்கொண்டு கண்டிக்குப் புறப்பட்டேன். முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு ஏறினேன். மாங்குளம் தாண்டவில்லை, இருக்கைக்குக் கீழே இருந்து புகை வந்தது. ரெகுலேற்றர் 17 வோல்ற்றைப் பற்றறிக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. பிள்ளையார் மேல் குறையில்லை. நூறு ரூபாத் தேங்காய்க்கு முன்னர் ஒரு மல்ரிமீற்றரை எடுத்திருக்க வேண்டும்.

ஆகவே அளந்து பாருங்கள். எஞ்சின் நிற்கும்போது நல்ல பற்றறி 12.6 வோல்ற்று அளவில் காட்டும். எஞ்சினை 5,000 சுற்றில் பிடித்தால் பற்றறி முனைகளில் பதின்மூன்றரைக்கு மேலே, 15க்குள் இருக்க வேண்டும். பதின்மூன்றைத் தாண்டாவிட்டால் ஜெனரேற்றரில் இருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களையும் இரண்டிரண்டாக அளந்து, மூன்று அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றரைக் கழற்றி எறியுங்கள். பல நேரம் குற்றம் ரெகுலேற்றரில்கூட இராது, அதன் இணைப்பியில் இருக்கும். வெள்ளைப் பிளாஸ்ரிக் பனங்கட்டி நிறத்துக்கு மாறியிருந்தால் உள்ளே முனைகள் சூடாகி எரிந்துகொண்டிருக்கின்றன. இணைப்பியை வெட்டியெடுத்துப் புதியது பூட்டுங்கள். சேசிஸில் பூட்டிய எர்த் வயர்களின் அடியையும் உப்புக்காகிதத்தால் தேய்த்து வெளுப்பாக்குங்கள். தீவுப் பக்கம் ஓடிய வண்டி என்றால் இந்த எர்த் முனைகளில் கடற்காற்றின் பச்சைக்களிம்பைக் கட்டாயம் காண்பீர்கள்.

எல்.ஈ.டி. விளக்கைப் பற்றி: உங்கள் வட்ட விளக்கின் கண்ணாடி, இழை பல்பின் ஒளிக்கென்று வடிவமைக்கப்பட்டது. அதற்குள் மலிவான எல்.ஈ.டி. பல்பைச் செருகினால் எதிரே வருபவரின் கண் கூசும், உங்கள் வீதி இருட்டாகவே இருக்கும். அதற்குப் பதிலாக, பற்றறியில் இருந்து பியூஸ் ஒன்றின் வழியாகத் தடித்த வயர் இழுத்து, றிலே மூலம் பழைய பல்புக்கே மின்சாரம் கொடுங்கள். கால்நூற்றாண்டு பழைய சுவிச்சின் வழியாக வரும்போது இழக்கும் வோல்ற்று மீண்டும் கிடைக்கும். ஏ9 வீதியில் இரவில் மாடு படுத்திருப்பது தெரியும் அளவுக்கு வெளிச்சம் கூடும். செலவு மிகச் சிறிது.

இனி, காசில் பாதியை விழுங்கப்போகும் பகுதி. பிறேக் திரவம் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். இவ்வளவு காலம் நின்ற வண்டியில் அது கோப்பி நிறத்தில் இருக்கும், பிறேக் பாட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பர் பிஸ்ரன்கள் இறுகியிருக்கும். குழாயைக் கழற்றும் முன்னர், பிறேக் பிடியை அழுத்தியே பிஸ்ரனை வெளியே தள்ளுங்கள். குழாயைக் கழற்றிவிட்டால் பிறகு அதை வெளியே எடுப்பது பெரும்பாடு. சீல்கள் உட்காரும் பள்ளத்தில் வெள்ளை மாவு போலப் படிந்திருப்பதைச் சுரண்டி எடுக்காமல் புதிய சீல் போட்டால் பிஸ்ரன் மறுபடி இறுகும். இறப்பர்க் குழாய்கள் தயாரிப்புக் காலத்தவை என்றால், அவற்றுக்குப் பதிலாக உருக்கு இழை பின்னிய குழாய்களைப் போடுங்கள். உங்கள் "மேம்படுத்தல்" ஆசையில் நான் மனமார ஆதரிக்கும் ஒரே பொருள் அதுதான். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், அளந்து பாருங்கள்.

ரயரில் பூ, அதாவது பள்ள வரிகள், இருக்கிறதா என்று பார்த்து ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2316 என்றிருந்தால் அது 2016 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பத்து வருடத்தை அண்மித்த ரயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மழைக்காலத்தில் தார் வீதியில் சவர்க்காரம் போல வழுக்கும். பின்னால் உங்களுக்கு ஏற்கெனவே 180/55-17 இருக்கிறது. ஒரு 250 சீ.சீ.க்கு அதுவே தேவைக்கு அதிகம். அதைவிட அகலத்துக்கு இடமும் இல்லை, வலுவும் இல்லை. விலைக்குப் பயந்து 160 போடச் சொல்பவர்களும் இருப்பார்கள். அந்த அகலமான றிம்மில் 160 இழுபட்டு, நடுப்பகுதி தட்டையாகி, வளைவில் சாயும்போது திடீரென்று விழுவது போல நடக்கும். முன் ரயர் 130/70-16. இந்த 16 அங்குல அளவு எப்போதும் கடையில் இருக்காது என்பதால் முதலில் அதைத் தேடி உறுதிசெய்துவிட்டுப் பின்னதை வாங்குங்கள்.

முன் போர்க்கில் ஒயில் கசிகிறதா என்று பார்த்து, கசியாவிட்டாலும் ஒயிலை மாற்றுங்கள்; இறக்கும்போது மீன் கழுவிய தண்ணீர் போல நாறும், அப்போது ஏன் மாற்றச் சொன்னேன் என்று தெரியும். முன்சில்லைத் தூக்கி ஹாண்டிலை மெதுவாக இருபக்கமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் சிறு பள்ளத்தில் விழுவது போலக் கை உணர்ந்தால் தலைப் பெயாரிங் மாற்ற வேண்டும். செயினை மாற்றினால் இரண்டு பற்சக்கரத்தையும் சேர்த்தே மாற்றுங்கள்.

காசைப் பங்கிடுவதென்றால், நான் செய்வது இப்படி இருக்கும். ஒன்றரை இலட்சத்தில் முப்பதாயிரத்தைத் தொடாமல் ஒதுக்கி வைப்பேன், ஏனென்றால் பழைய வண்டி எதையாவது மறைத்தே வைத்திருக்கும். மிச்சத்தில் பெரும்பங்கு ரயருக்கும் பிறேக்குக்கும். அடுத்து காபரேற்றர் வேலையும் பற்றறியும். செயின் செற், இன்னும் பல் தேயாமல் இருந்தால், உங்கள் மாதாந்த 15,000 ரூபாவில் பிறகு வரலாம். பாவித்த பாகங்களுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போகலாம், ஆனால் பழைய பாகத்தையும் கையில் கொண்டுபோங்கள். பக்கமூடி, ஹாண்டில், கண்ணாடி, கால்மிதி போன்றவற்றைப் பாவித்ததாக வாங்குவதில் தவறில்லை. பிறேக் பாட், சீல், பெயாரிங், ரெகுலேற்றர் இவற்றைப் பாவித்ததாக வாங்குவதில்லை என்று நானே எனக்கு விதித்த சட்டம் மாங்குளத்துக்குப் பிறகு மாறவில்லை. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறி, கிடைத்த பாகத்தை எல்லாம் நல்லது என்று விற்கும் பழக்கமும் கூடவே வளர்ந்துவிட்டது.

வர்ணம் கடைசியில். பிறேக் திரவம் ஒரு துளி சிந்தினாலே புதிய வர்ணம் உரிந்துவிடும் என்பது ஒரு காரணம். தாங்கியை இந்த வேலைகளுக்காகப் பத்துத் தடவை கழற்றிப் பூட்டுவீர்கள் என்பது மற்றது. நிறத்தை மாற்றுவதானால் பதிவிலும் மாற்ற வேண்டும். பழைய நிறத்திலேயே அடித்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாவகச்சேரியில் இருந்து கிளிநொச்சிக்குத் தினமும் ஓட இது ஏற்ற வண்டி அல்ல. லீற்றருக்கு 20 கிலோமீற்றர் அளவில்தான் போகும். சிறிய 100 சீ.சீ. வண்டி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓடும். இப்போது எதில் போய்வருகிறீர்களோ அதை விற்று இதில் போட வேண்டாம். வேலைக்கு அது இருந்தால்தான், ஒரு பாகம் வரும்வரை ஹோர்னெற்றை இரண்டு வாரம் கழற்றியபடியே விட்டுவைக்கும் நிதானம் உங்களுக்கு வரும். அவசரத்தில் பூட்டிய பழைய வண்டிகள்தான் என் கராஜுக்குக் கயிற்றில் இழுபட்டு வருகின்றன.

எல்லாம் முடிந்து ஓடத் தொடங்கும்போது, முதல் கிழமை வீட்டில் இருந்து கைதடிக்கு அப்பால் போக வேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வண்டிக்கு அடியில் பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை விரித்து விடுங்கள். காலையில் அதில் விழுந்திருக்கும் துளியின் நிறம், ஒயிலா, கூலன்ற்றா, பெற்றோலா, எது எங்கே கசிகிறது என்பதைச் சொல்லும். அதற்கெல்லாம் முன்னதாக அந்த நான்கு கம்பிரஷன் அளவுகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். அவற்றைப் பார்த்தபின் ரயருக்கு முற்பணம் கட்டலாமா என்று சொல்கிறேன்.